பைக் எடுத்துக் குடுத்தால் பொடியன் கெட்டுப்போவானா?

இரண்டு சக்கரம்: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலை பாலையூற்றில் நாற்பது வருஷத்துக்கு மேலாக மோட்டார் சைக்கிள் திருத்திவரும் மெக்கானிக் ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: என்ட மகனுக்குப் பத்தொன்பது வயசு. ஏ.எல். சோதினை எழுதிட்டு நிக்கிறான். பைக் வேணுமெண்டு மூண்டு மாசமா ஒரே பிடி. சாப்பாட்டுக் கோப்பையில கோவத்தைக் காட்டுறான். அவன்ட அப்பா கட்டார்ல இருந்து காசு அனுப்பத் தயார். எனக்குத்தான் மனமில்ல. பைக் எடுத்தா ரவுடிக் கூட்டத்தோட சேந்திடுவான், 'பைக்காரப் பொடியன்' எண்டு பேர் எடுத்தா நாளைக்கு ஒரு நல்ல வீட்டில பெண் குடுக்க மாட்டாங்க எண்டு சொந்தக்காரர் சொல்லுறாங்க. என்ன செய்ய? (ஒரு தாய், உவர்மலை)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் கலந்து கிடக்கிறது. பிள்ளை விழுந்து அடிபட்டுவிடுவானோ என்பது ஒன்று. ஊர் வாயில் விழுந்துவிடுவானோ என்பது மற்றது. முதல் பயம் நியாயமானது, அதை வைத்திருங்கள். ஊர் வாயைப் பற்றித்தான் நான் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

ஒரு நாள் விடிய ஆறரைக்கு மூன்றாம் கட்டைச் சந்தியில் வந்து நில்லுங்கள். எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்கள் யார் என்று தெரியும். பின்னால் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டி கட்டிய மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவார். குழந்தை நிறுக்கிற தராசைத் தோளில் கொழுவிக்கொண்டு குடும்பநல மாது போவா. ரசமட்டத்தை முதுகில் குறுக்கே கட்டிய மேசன் போவார். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, அதற்கும் பின்னால் தாய் என்று ஒரு குடும்பமே வெள்ளை யூனிபோர்மோடு போகும். (அது பிழை. பார்க்கிற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு இடிக்கும். ஆனால் அந்தத் தகப்பனிடம் இருப்பது அந்த ஒரு வண்டிதான்.) இரவு பத்து மணிக்குக் கடற்கரைப் பக்கம் சைலன்சரை வெட்டிவிட்டுப் பறக்கிற பொடியன்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பேர் வரும். ஊர் பேர் வைக்கிறது அவர்களைப் பார்த்துத்தான். விடியப் போகிறவர்கள் சத்தம் போடாமல் போய்விடுகிறார்கள்.

எனக்கும் இந்தக் கதை வந்தது. 1994 இல் பழைய ஹொண்டா எம்.டி. 90 ஒன்று வாங்கி வைத்திருந்தேன். பெண் பேசின வீட்டில் யாரோ ஒருவர், 'அவன் மோட்டார் சைக்கிள்ல திரியிறவன்' என்று சொல்லிவிட்டார். பெண்ணின் தாய்மாமா பஸ் ஓடிப் பென்சன் எடுத்தவர். ஒரு நாள் பின்னேரம் கராஜுக்கு வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து செயினை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். என்னைப் பிறேக் மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ச் சிவப்பு லைற் எரிகிறதா என்று பார்த்தார். லைசன்ஸைக் காட்டச் சொன்னார். விரலில் பட்ட கிரீஸை என்னுடைய துணியிலேயே துடைத்தார். 'சரி தம்பி' என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஆவணியில் கலியாணம்.

அந்த மாமா செய்ததைத்தான் நீங்களும் செய்யவேண்டும். மகன் இப்போது ஓடுகிற சைக்கிளைப் போய்ப் பாருங்கள். செயினில் ஒயில் இருக்கிறதா? பிறேக் கட்டை தேய்ந்து இரும்பு ரிம்மில் உரசுகிறதா? காற்றுக் குறைந்தால் அடிக்கிறானா, அப்படியே ஓடி ரியூப்பைக் கடிக்க விடுகிறானா? ஏதாவது உடைந்தால் அன்றைக்கே திருத்துகிறானா, சுவரில் சாத்திவிட்டு உங்களிடம் புதுசு கேட்கிறானா? சைக்கிளை நன்றாக வைத்திருக்கிறவன் என்றால் வாங்கிக் குடுக்கலாம் என்பது என் எண்ணம். இல்லை என்றால் இன்னும் ஆறு மாதம் போகட்டும். அதையும் காரணத்தோடு அவனுக்குச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குக் காரணம் விளங்கும்.

வாங்குவது என்று முடிவெடுத்தால் லைசன்ஸ் முதல், வண்டி பிறகு. மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, ஓடிக் காட்டுகிற பரீட்சை மூன்றும் முடிந்து கையில் கிடைத்த பிறகு கடைக்குப் போங்கள். வண்டி வாசலில் நின்றால் லைசன்ஸ் வரும்வரை எந்தப் பொடியனும் பொறுக்கமாட்டான். முதல் வண்டி நூறு, நூற்றிருபத்தைந்து சி.சி. போதும். பழையது வாங்குவதென்றால் கவனம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருஷத்துக்குள் செத்த வண்டிகளுக்கும் பெயின்ற் அடித்து உயிர் குடுத்தார்கள். பெயின்ற் மினுங்குகிற வண்டியைக் கண்டால் முதலில் முன் ஃபோர்க்கைப் பாருங்கள். முட்டின வண்டி அங்கேதான் காட்டிக்குடுக்கும்.

ஒன்றை மட்டும் அவனிடம் சத்தியம் வாங்குங்கள்: இருட்டில் ஓடினால் லைற் வெளிச்சத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் ஓடவேண்டும். 2011 மார்கழியில், சாம்பல்தீவுப் பாலம் தாண்டி நிலாவெளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. மழை விட்டால் மாடுகள் தார் வீதியில் வந்து படுக்கும், தார் இளஞ்சூடாக இருக்கும். கறுப்பு மாடு, கறுப்பு வீதி. கண்ணைத்தான் முதலில் கண்டேன், இரண்டு பச்சைப் புள்ளி. ஐம்பதில் போகிற வண்டி ஒரு செக்கனில் பதினான்கு மீற்றர் போய்விடும். என்னுடைய லைற் அவ்வளவு தூரம்கூடச் சரியாக எட்டவில்லை. காறை எலும்பு முறிந்து மூன்று மாதம் ஸ்பனர் பிடிக்க முடியாமல் இருந்தேன். மாடு எழும்பிப் போய்விட்டது. முப்பது வருஷம் வண்டி திருத்தினவனுக்கு அன்றைக்கு அந்த லைற் மங்கல் என்பது தெரிந்தே இருந்தது. நாளைக்கு மாற்றுவோம் என்று விட்டிருந்தேன்.

கேள்வி: முழுமுக ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனால் ஆட்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். போன மாதம் டவுனில் ஒரு ஒழுங்கைக்குள் வழி கேட்பதற்கு ஒரு வயதான அம்மாவின் படலையடியில் நிறுத்தினேன். அவ என்னைக் கண்டதும் வீட்டுக்குள் ஓடிக் கதவைப் பூட்டிவிட்டா. நான் என்ன பிழை செய்தேன்? (இருபத்திரண்டு வயது வாசகர், கிண்ணியா)

பதில்: தம்பி, நீங்களும் பிழை செய்யவில்லை, அந்த அம்மாவும் செய்யவில்லை. உங்கள் வயதைப் பார்க்கிறேன். யுத்தம் முடிகிறபோது நீங்கள் பாலர் பாடசாலையில் இருந்திருப்பீர்கள். 'மோட்டார் சைக்கிளில் வந்த இனந்தெரியாத இருவர்' என்ற வரியை வாசித்து வளர்ந்தவர் இல்லை நீங்கள். நாங்கள் வருஷக்கணக்காக அதைப் பத்திரிகையில் வாசித்தோம். பேர் மாறும், சந்தி மாறும், அந்த வரி மாறாது. அந்தக் காலத்தில் ஒழுங்கையால் வண்டி ஓடிப் போகிற சத்தத்துக்கு யாரும் பயப்படவில்லை. ஓடி வந்த வண்டி வாசலில் நிற்கிற சத்தத்துக்குத்தான் பயம். எஞ்சின் ஓய்ந்தால் வீட்டுக்குள் பேச்சும் ஓயும். என் மாமி விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வந்தவர் யார் என்றால், முட்டை கடன் கேட்க வந்த பக்கத்து ஒழுங்கைக்காரர்.

வண்டி வைத்திருந்த எங்களுக்கும் அது சும்மா போன காலம் இல்லை. சென்றிக்கு, அதாவது சோதனைக் காவலரணுக்கு, ஐம்பது மீற்றர் முன்னாலேயே இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் கொழுவி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவோம். இறங்க மறந்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கும் என் வயதுக்காரர் சிலர் காக்கி உடுப்பைக் கண்டதும் கை தன்பாட்டில் ஹெல்மெட் பட்டிக்குப் போவதைக் கண்டிருக்கிறேன். ஓடுகிறவனையே ஊரும் சந்தேகப்பட்டது, சென்றியும் சந்தேகப்பட்டது. அந்த அம்மா கதவைப் பூட்டினது உங்கள் முகத்தைப் பார்த்து இல்லை. முகம் அவவுக்குத் தெரியவில்லையே.

அதற்காக முழுமுக ஹெல்மெட்டை விட்டுவிடாதீர்கள். கொள்ளைக்காரர் முகம் மறைக்கிறார்கள் என்று 2015 இல் அதற்குத் தடை போடப் பார்த்தார்கள். வழக்குப் போய், மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் விழுகிறவன் நாடியை முன்னுக்குக் குடுத்து விழுவதை நான் கண்டிருக்கிறேன். அரை ஹெல்மெட் நாடியை மூடாது.

நீங்கள் செய்யக்கூடியது சின்ன விஷயம். ஆளிடம் கதைக்கப் போகிறீர்கள் என்றால் படலைக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள், எஞ்சினை அணையுங்கள், இறங்குங்கள், ஹெல்மெட்டை முழுதாகக் கழற்றுங்கள். பிறகு 'அம்மா' என்று கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டுக் கழற்றுவது இல்லை, கழற்றிவிட்டுக் கூப்பிடுவது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட் என்றால் தெளிந்த கண்ணாடி மாற்றுங்கள், பின்னேரத்துக்குப் பிறகு கறுப்பில் உங்களுக்கும் வழி தெரியாது. ஹெல்மெட்டில் எஸ்.எல்.எஸ். என்கிற இலங்கைத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே துணியை விலத்திப் பார்த்தால், மீன் பெட்டி செய்கிற அதே ரெஜிபோம் சாதி, இறுக்கமானது. அடிபடும்போது அது நசிந்து அடியை வாங்கிக்கொள்ளும். ஒரு தரம் நசிந்தால் திரும்பப் பொங்காது. அதனால்தான் விழுந்த ஹெல்மெட்டை, வெளியில் கீறல்கூட இல்லை என்றாலும், நான் திரும்பப் போடவிடுவதில்லை.

கேள்வி: பைக் ஓடுகிறவர் என்றால் ரவுடி என்கிற பேர் எங்கள் நாட்டில் மட்டுமா, வெளிநாட்டிலும் உண்டா? (வளாக மாணவி, கோணேசபுரி)

பதில்: உண்டு தங்கச்சி. அங்கேதான் பெரிதாகத் தொடங்கியது. 1947 ஜூலையில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஹொலிஸ்டர் என்கிற சின்ன ஊரில் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடினார்கள். கொஞ்சப் பேர் குடித்துவிட்டு வீதியில் குழப்பம் செய்தார்கள். பிறகு லைஃப் சஞ்சிகையில் ஒரு படம் வந்தது: ஹார்லி டேவிட்சனில் சரிந்து இருக்கிற ஒருவர், கையில் பியர் போத்தல், வண்டிக்குக் கீழே நிறைய வெறும் போத்தல்கள். அந்தப் போத்தல்களைப் படத்துக்காகவே அடுக்கினார்கள் என்று அங்கே நின்ற ஒருவர் பிறகு சொன்னார். சொல்லி என்ன பலன், அதற்குள் பேர் ஒட்டிவிட்டது.

அதைக் கழற்றுவதற்குக் கனக்கப் பாடுபட்டது ஹொண்டா கம்பனி. 1958 இல் ஜப்பானில் சுப்பர் கப் என்ற சின்ன வண்டியைச் செய்தார்கள். நூடில்ஸ் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மற்றக் கையால் ஓடவேண்டும், சாப்பாட்டுக்கடைப் பொடியனுக்குச் சரிவர வேண்டும், அதுதான் கணக்கு. அதனால்தான் இடது கையில் கிளச் இல்லை. காலில் தெறிக்கிற சேறு படாமல் முன்னால் ஒரு கேடயம். அறுபதுகளில் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது விளம்பரத்தில் குடும்பப் பெண்கள், மாணவர்கள், தாயும் பிள்ளையும் என்று சாதாரண ஆட்களை ஏற்றிக் காட்டினார்கள். சனம் வாங்கியது. 2017 வரைக்கும் உலகத்தில் பத்துக் கோடி வண்டி செய்துவிட்டார்கள். எந்த மோட்டார் வாகனமும் அவ்வளவு செய்யப்படவில்லை.

நான் மேலே சொன்ன எம்.டி. 90 அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று சிவப்பு நிறத்தில் செய்தது. அங்கே கடிதம் கட்டி ஓடி முடித்து, இங்கே வந்து நெல்லும் பனங்கிழங்கும் கட்டி ஓடியது. அந்த எஞ்சினைப் பிரிக்கிறபோதெல்லாம் ஒரு மரியாதை எனக்கு வரும். உழைக்கிறவனை நினைத்துச் செய்த சாமான்.

கேள்வி: சைலன்சரை வெட்டினால் வண்டி நல்லா இழுக்கும் எண்டு சொல்லுறாங்க. சத்தம் கேட்டா மற்ற வாகனக்காரர் விலகுவாங்க, அது பாதுகாப்பும்தானே? (உப்புவெளி)

பதில்: இல்லை தம்பி, இரண்டும் இல்லை.

போன வருஷம் ஒரு பொடியன் வெட்டிக் கழித்த சைலன்சரை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். கிரைண்டரால் நீளவாக்கில் பிளந்து கராஜ் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன், வந்து பாருங்கள். உள்ளே மூன்று அறை, அறைகளுக்கு நடுவில் தகட்டுத் தடுப்பு, தடுப்பைத் துளைத்துக்கொண்டு ஓட்டைபோட்ட குழாய். புகை முதல் அறையில் மோதித் திரும்பி, இரண்டாம் அறைக்குள் நுழைந்து, திரும்பவும் வளைந்து, களைத்துப்போய் வெளியே வரவேண்டும். அந்த எஞ்சினுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பெற்றோல் என்பதை இந்தத் தடுப்புகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். தடுப்பை எடுத்தால் கார்பரேற்றர் வண்டிகளில் கலவை மெலிந்துவிடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், தேயிலைச் சாய நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பாக வெளுத்திருக்கும். எஞ்சின் சூடேறும், நாளடைவில் வால்வு எரியும். சின்ன எஞ்சினில் கீழ் இழுவையும் குறையும். உவர்மலை ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்தால் விளங்கும்.

சத்தத்தின் கதை இது: சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்க்கிறது. நீங்கள் போய் முட்டக்கூடிய லொறி முன்பக்கம் இருக்கிறது, கண்ணாடி ஏற்றி, பாட்டுப் போட்டுக்கொண்டு. அவருக்குக் கேட்காது. கேட்பது உங்களுக்குப் பின்னால், வீட்டில் படுத்திருக்கிற காய்ச்சல்காரருக்கு. கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வீதியில் புள்ளிமான் குட்டிகளோடு நிற்கும். வெட்டின சைலன்சர் ஒன்று வந்தால் அவை பாய்கிற பாய்ச்சலை ஒரு தரம் பாருங்கள். ஒரு குட்டி எதிர்ப்பக்கம் வந்த ஓட்டோவுக்கு முன்னால் விழுந்ததை நான் கண்டேன். அன்றைக்கு ஓட்டோக்காரர் பிறேக் பிடித்தார்.

சட்டப்படியும் குற்றம். பழைய சைலன்சர் கையில் இருந்தால் கொண்டுவாருங்கள், கூலி இல்லாமல் பூட்டித் தருகிறேன். இந்தப் பத்திரிகை வாசிக்கிற எவருக்கும் இதைச் செய்வேன்.

கேள்வி: டவுனில் இருந்து கிண்ணியாப் பக்கப் பாடசாலைக்கு ஸ்கூட்டியில் போய்வருகிறேன். சேலைதான் உடுக்க வேண்டும். பாலத்தில் காற்று தள்ளுகிறது. போதாததற்கு 'டீச்சர் ஆம்பிளை மாதிரி ஓடுறா' என்று பின்னால் கதை. (ஆசிரியை, திருக்கடலூர்)

பதில்: டீச்சர், கதையைப் பற்றி முதலில். படகுப் பாதையில் கிண்ணியாவுக்குப் போன காலம் எனக்குத் தெரியும். பாதைப் படகு போய்விட்டால் அது திரும்பி வரும்வரை வெயிலில் நிற்கவேண்டும். 2009 ஒக்டோபரில் பாலம் திறந்தார்கள். இன்றைக்கு உங்களைப் போன்றவர்கள் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்னால் வகுப்பில் நிற்பதற்குக் காரணம் அந்தப் பாலமும் இந்த ஸ்கூட்டிகளும்தான். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் 'எங்கட டீச்சர் ஸ்கூட்டியில வாறா' என்று வீட்டில் சொல்லுவார்கள். அந்தப் பிள்ளைகளின் பேச்சுத்தான் நிற்கும்.

பாலம் 396 மீற்றர் நீளம், இரண்டு பக்கமும் தண்ணீர், மறைப்பு இல்லை. கச்சான் காற்று வீசுகிற காலத்தில் பக்கவாட்டில் அடிக்கும். காற்றோடு மல்லுக்கட்டி ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் வண்டி அலையும். பிடியைத் தளர்த்துங்கள், முழங்கையை மடக்குங்கள், வேகத்தை நாற்பதுக்குக் குறையுங்கள், வீதியில் உங்கள் பக்கத்துப் பாதியின் நடுவில் ஓடுங்கள். பஸ் ஒன்று பக்கத்தால் போகும்போது காற்று ஒரு கணம் நின்று, பஸ் விலகியதும் திடீரென்று அடிக்கும். அதை எதிர்பார்த்திருங்கள்.

முந்தானையைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகி ஊசி குத்துங்கள், தோளில் விடவேண்டாம். ஸ்கூட்டியில் செயின் வெளியில் இல்லாதது நல்லது, ஆனால் பின் சக்கரத்துக் கம்பியும் ரயரும் சேலையை இழுத்துச் சுற்றுவதற்கு முழுத் துணி தேவையில்லை, காற்றில் பறக்கிற முனை போதும். பின்னால் யாராவது சேலையோடு ஏறினால் அவர்கள் முனையையும் நீங்களே பார்த்துச் செருகிவிடுங்கள். அவர்களுக்கும் ஹெல்மெட் வேண்டும். கொண்டை பெரிதென்று பலர் போடுவதில்லை. கொண்டையைக் கீழே இறக்கிக் கட்டினால் ஹெல்மெட் இருக்கும்.

கேள்வி: நல்ல விலைக்கு ஒரு பைக் வருகிறது, ஓப்பன் பேப்பர். எடுக்கலாமா? (தம்பலகாமம்)

பதில்: எடுக்க வேண்டாம். ஓப்பன் பேப்பர் என்றால் பேர் மாற்றாத வண்டி: புத்தகத்தில் பேர் உள்ளவர் கையெழுத்து வைத்துக் குடுத்த படிவம் நாலு கை மாறி உங்களிடம் வரும். நடுவில் ஒருவர் செய்த குற்றத்துக்கும், கட்டாத லீசிங்குக்கும் வண்டி பிடிபடும்போது அதில் இருப்பவர் நீங்கள். பேர் மாற்றித் தந்தால் மட்டும் காசைக் குடுங்கள். உங்கள் வண்டியை விற்கும்போதும் அப்படித்தான், வாங்கினவர் மாற்றுவார் என்று நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

கேள்வி: நான் பைக்கில மீன் கொண்டுபோய்க் கந்தளாய்ப் பக்கம் விக்கிறன். இரண்டு வருஷத்தில ரிம் உக்கிப்போச்சு, மட்கார்ட் ஓட்டை. புது வண்டி வாங்க வசதியில்ல. இன்னொண்டு, கேக்கிறதெண்டு கேக்கிறன்: வண்டியை நிப்பாட்டினா நாத்தம் எண்டு மூக்கைப் பொத்துறாங்க, அதே ஆக்கள்தான் மீனும் வாங்குறாங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்கு. (மீன் வியாபாரி, திருக்கடலூர்)

பதில்: அண்ணன், உங்களைப் போன்றவர்களின் வண்டிகளில்தான் நான் தொழில் படித்தேன். 2022 இல் பெற்றோல் இல்லாமல் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் தந்தார்கள். கந்தளாய்க்குப் போய்வர எண்பது கிலோமீற்றர். நாலு லீற்றரில் இரண்டு தரம் போய்வந்தால் மூன்றாம் தரம் பாதி வழி. அந்த மாதங்களில் கந்தளாய்ப் பக்கம் வீடுகளில் மீன் இல்லை. பெட்டி கட்டின வண்டி வராவிட்டால் என்ன நடக்கும் என்று அப்போது எல்லாரும் கண்டார்கள். மூக்கைப் பொத்துகிறவர்களும் கண்டார்கள். உங்கள் வண்டியின் மணம் உழைப்பின் மணம் என்று நான் எங்கே நின்றும் சொல்வேன்.

இனி வண்டி. உங்கள் ரிம்மைத் தின்றது கடற்காற்று மட்டும் இல்லை. பெட்டியில் இருந்து வடிகிற உப்புத் தண்ணீர். ஐஸ் உருகி, மீன் உப்போடு கலந்து, பெட்டியின் மூலையால் சொட்டுச் சொட்டாக மட்கார்டில் விழுந்து, அங்கிருந்து கம்பி வழியாக ரிம்முக்கு இறங்குகிறது. துரு எங்கே கூட என்று பாருங்கள், பின் சக்கரத்தில் இடது பக்கமாக இருக்கும், ஏனென்றால் சாய்வு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சரிந்து நிற்கும். பெட்டிக்குக் கீழே ஒரு ஓட்டை போட்டு, அதில் ஒரு சின்ன பிளாஸ்ரிக் குழாயைப் பூட்டி, இலக்கத் தகட்டுக்குப் பின்னால், ரயரில் படாமல் கீழே இறக்குங்கள். பெட்டிக்கும் கரியருக்கும் நடுவில் பழைய ரியூப் ஒன்றை வெட்டி விரியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் குழாய்த் தண்ணீர். ரிம்மும் கம்பி முனைகளும் முக்கியம். துணியால் துடைத்துக் காய்ந்த பிறகு, கழித்த எஞ்சின் ஒயிலைப் பழைய பல் தூரிகையால் கம்பி முனைகளுக்கும் ஸ்டாண்ட் சுருளுக்கும் மட்டும் தொடுங்கள். பிறேக் பக்கமும் ரயர் பக்கமும் கொண்டுபோகவேண்டாம். செயினுக்குக் கழித்த ஒயில் கூடாது, அதற்குள் இருக்கிற இரும்புத் தூள் தேய்த்துவிடும். செயினை விரலால் அசைத்தால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆடவேண்டும், அதற்கு மேலே ஆடினால் இறுக்க வேண்டும்.

இருக்கிற ரிம்மை எறியவேண்டாம். துளைத்துவிடாத துரு என்றால் சுரண்டி, செங்காவி பிறைமர் அடித்து இன்னும் ஒரு வருஷம் ஓடலாம். நான் கண்ணால் பார்த்துத்தான் சொல்லவேண்டும், கம்பி பிடிக்கிற இடத்தில் வெடிப்பு இருந்தால் ஒரு நாளும் ஓடக்கூடாது. வருகிற ஞாயிறு, சந்தை முடிந்து பத்து மணிக்குக் கொண்டுவாருங்கள். பெட்டியைக் கழற்ற வேண்டாம், கட்டினபடியே வாருங்கள். பாரத்தோடு பார்த்தால்தான் எங்கே வளைகிறது என்று தெரியும்.